பட்டாளத்துக்காரரின் பென்ஷன் கேஸை எடுக்கும் ஜூனியர்களுக்கு

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வரும் கட்சிக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. காகிதத்தை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்றால் போட்டுவிடுவார். எதற்கு என்று கேட்க மாட்டார். பதினைந்து, இருபது வருஷம் அப்படியே பழகியவர். என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்தவர். பேங்க் லோன் பேப்பரைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்பார். நில வழக்குக்கு வருகிற ஆள் வக்கீலைச் சந்தேகப்பட்டுக் கேட்டுக் கேட்டே நம்மை நேர்வழியில் வைத்திருப்பார். இவர் கேட்க மாட்டார். அவர் கேட்காத கேள்விகளை அவருக்காக நாமே கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் பென்ஷன் கேஸ் நடத்துகிறவருக்கு நெறி என்று நான் சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

வேலூர் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த ஊர்கள் உண்டு. அங்கிருந்து சென்னை பெஞ்சுக்கு வருகிற கேஸ்கள் பெரும்பாலும் ஊனமுற்றோர் பென்ஷன், குடும்ப பென்ஷன், அல்லது கணக்கில் வந்த தவறு. அதை மனதில் வைத்துத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்

டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு), ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கை (ஓய்வின்போது மருத்துவக் குழு பார்த்து எழுதுவது, ஏஎஃப்எம்எஸ்எஃப் 16 என்று மேலே போட்டிருக்கும்), நிராகரிப்புக் கடிதம், முதல் முறையீடு, இரண்டாவது முறையீடு, அவற்றுக்கு வந்த பதில். இவ்வளவையும் வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அசல் உங்களிடம் இருந்தால் உங்களை விட்டு வேறு வக்கீலிடம் போக அவருக்குத் தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தை உண்டாக்குவதே தப்பு.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். "மனு ரெடியானதும் மேலே டைப் பண்ணிக்கலாம்" என்று சில அலுவலகங்களில் நாலைந்து தாள் வாங்கி வைப்பார்கள். பிரமாணப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திட்ட ஆள், அதில் எழுதியதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தவராகிவிடுகிறார். நாளைக்கு ஒரு தேதி மாறியிருந்தால் பொய் சொன்னவர் அவர்தான், நீங்கள் அல்ல.

அப்புறம், இந்தக் கேஸுக்கு வக்கீல் வேண்டுமா என்பதையும் அன்றைக்கே பாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை, பிறந்த தேதி மாற்றம், ராணுவ பென்ஷனுக்கான ஸ்பார்ஷ் இணையதளத்தில் மனைவி பெயர் ஏறவில்லை என்பது போன்றவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலேயே கேட்டுச் சரிசெய்யலாம், காசு இல்லாமல். அதற்கு நோட்டீஸ் அனுப்பிக் கட்டணம் வாங்குகிற வக்கீல்களையும் பார்த்திருக்கிறேன். நான் அப்படி வருகிறவருக்கு ஒரு தாளில் விவரம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அந்த வேலைக்குப் பணம் கேட்க எனக்கு வாய் வராது.

காலக்கெடுவை அவருக்கே சொல்லுங்கள்

தீர்ப்பாயச் சட்டம் 2007, பிரிவு 21 படி துறைக்குள் இருக்கும் முறையீடுகளை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். முறையீட்டுக்கு ஆறு மாதம் பதிலே இல்லை என்றாலும் வரலாம். பிரிவு 22 படி இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு. தாமதத்தை மன்னிக்கக் கேட்கவும் வழி இருக்கிறது. பென்ஷன் மாதாமாதம் தொடர்கிற பாதிப்பு என்பதால் பழைய கேஸ்களையும் எடுக்கிறார்கள். ஆனால் 2008ல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பைக் காட்டி, நிலுவைத் தொகையை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்தோடு நிறுத்துவது வழக்கம்.

இதன் அர்த்தத்தை ஜூனியர்கள் பலர் யோசிப்பதில்லை. அப்படி நிறுத்தினால், மனு ஒரு மாதம் தள்ளிப்போகும்போது அந்தப் பக்கம் ஒரு மாத நிலுவை உதிர்கிறது. கேஸ் கட்டு உங்கள் மேஜையில் ஆறு மாதம் கிடந்தால் ஆறு மாதப் பணம் அவருக்குப் போச்சு. அவருக்கு அது தெரியாது. "கேஸ் நடக்குது" என்று நினைத்துக்கொண்டிருப்பார். வேலை அதிகம், இரண்டு மாதம் ஆகும் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேறு ஆளிடம் போக விரும்பினால் போகட்டும்.

பங்கு வேண்டாம்

"வர்ற அரியர்ஸ்ல உங்களுக்கு இருபது பர்சன்ட் எடுத்துக்குங்க சார்." இதைப் பெரும்பாலும் கட்சிக்காரரே சொல்வார். முன்பணம் கொடுக்கக் கையில் காசில்லை. வந்தால் கொடுக்கிறேன் என்கிறார். கேட்க நியாயமாகத்தான் படுகிறது. வேறு சில நாடுகளில் இப்படி வாங்க வக்கீலுக்கு அனுமதி உண்டு. இங்கே இல்லை. இந்திய பார் கவுன்சில் விதிகளில், தொழில் நடத்தை பற்றிய பகுதியில், விதி 20 நேராகவே சொல்கிறது: வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கவும் கூடாது. 2017 டிசம்பரில் பி. சுனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. அங்கே விபத்து இழப்பீட்டில் சதவீதம் பேசி, கட்சிக்காரரான பெண்ணிடம் செக்கில் கையெழுத்து வாங்கி, அது திரும்பியதும் வக்கீல் அவர் மேலேயே செக் கேஸ் போட்டிருந்தார். அந்தக் கேஸை நீதிமன்றம் ரத்து செய்தது.

பென்ஷனுக்கு இன்னொரு வேலியும் இருக்கிறது. 1871ம் வருஷத்து பென்ஷன் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதன் பிரிவு 12 படி, இன்னும் கைக்கு வராத பென்ஷன் பணத்தை முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது. அதாவது "அரியர்ஸ் வந்ததும் இவ்வளவு தருகிறேன்" என்று பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் அது குப்பைத்தாள்தான். அதை வைத்து மிரட்டினால் நீங்கள் பார் கவுன்சிலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விதி ஏன் என்று புரியும். கடைசியாக வாங்கிய, கணக்கில் எடுக்கும் சம்பளம் மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. இருபது சதவீத ஊனம் என்றால் 2,400. 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் வந்த தீர்ப்புப்படி இருபதை ஐம்பதாக உயர்த்திக் கணக்கிட்டால் 6,000. மூன்று வருஷ நிலுவை, அகவிலைப்படி சேர்க்காமல், 2,16,000. இதில் இருபது சதவீதம் 43,200. இரண்டு மூன்று தீர்ப்புகளைக் காட்டி, ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிற மனுவில் பெயரும் தேதியும் மாற்றிப் போட்ட வேலைக்கு இந்தத் தொகை எந்த ஊர் நியாயம்? அதே சமயம் ரொம்பச் சிக்கலான, நிலுவை குறைவான கேஸில் வக்கீலுக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்போது அந்த மாதிரி கேஸோடு ஒரு விதவை வந்தால் எடுக்க ஆளே இருக்காது.

இதே கணக்கைக் கட்சிக்காரரிடமும் போட்டுக் காட்டுங்கள். "லட்சக்கணக்கில் வரும்" என்று சொல்லாதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள், எதைப் பொறுத்து மாறும் என்றும் சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் கட்டணம் எப்படி? நான் செய்வது இது. மொத்தத் தொகையை முதலிலேயே பேசி, கட்டங்களாகப் பிரிப்பேன்: முறையீடு எழுத இவ்வளவு, தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் செய்ய இவ்வளவு, வாதம் முடியும்வரை இவ்வளவு. உத்தரவு வந்தும் துறை பணம் போடாவிட்டால் அமலாக்க மனு போட வேண்டிவரும். அது இந்தத் தொகைக்குள் அடங்குமா, தனியா என்பதையும் எழுதுவேன். சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஜெயித்துவிட்டோம் என்று ஸ்வீட் கொடுத்தவர், பணம் வராமல் மாதங்கள் ஓடியபின் மறுபடி கட்டணம் கேட்டால் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். அரசு மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டால் என்ன செய்வது என்பதும் ஒரு வரி. எல்லாம் தமிழில், ஒரே பக்கம், இரண்டு பிரதி. டைப்பிங், ஜெராக்ஸ், பயணம் போன்ற செலவைக் கட்டணத்தோடு கலக்காமல் தனி நோட்டில் எழுத வேண்டும். விதி 25, 26 இரண்டும் அதைத்தான் கேட்கின்றன. தவணையில் கொடுக்கிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் அதே தொகை என்றால் தவணையில் தப்பு கிடையாது.

அதற்கும் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12 படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. உங்கள் அறைக்கு வருகிற விதவைகள் எல்லோரும், ஊனமுற்ற வீரர்களில் பலரும் இதற்குள் வருகிறார்கள். கட்டணம் பேசும் முன் இதைச் சொல்லுங்கள். "சொன்னால் கேஸ் கைவிட்டுப் போயிடுமே மேடம்" என்று ஒரு ஜூனியர் கேட்டார். போகும். சிலர் போவார்கள்.

கதை கட்டாதீர்கள்

மெடிக்கல் போர்டு அறிக்கையில் "சர்வீஸால் வந்ததும் அல்ல, சர்வீஸால் கூடியதும் அல்ல" என்று எழுதிவிட்டால் பென்ஷன் இல்லை. அதை உடைக்க வேண்டும். உடனே கட்சிக்காரர் கேட்பார்: "டியூட்டில விழுந்தேன்னு போட்டா நல்லாருக்குமா?" இவர் பொய்யர் என்று எண்ணிவிட வேண்டாம். யூனிட்டில் எழுத்தர் எப்படிச் சொன்னாரோ அப்படி எழுதிப் பழகியவர், உங்களையும் அந்த இடத்தில் வைத்துக் கேட்கிறார். உங்கள் பதிலைப் பொறுத்துத்தான் அது பொய்யாவதும் ஆகாததும்.

பொய்க்குத் தேவையும் இல்லை. 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சேரும்போது மருத்துவப் பதிவில் நோய் குறிக்கப்படவில்லை என்றால், நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு வந்தது சர்வீஸால் அல்ல என்று காட்டும் பொறுப்பு துறையுடையது. ஆகவே உண்மையையே தோண்டுங்கள். எந்த வருஷம் எங்கே போஸ்டிங், ஃபீல்டா (களப் பகுதி) பீஸா (அமைதிப் பகுதி), எவ்வளவு உயரம், நோய் முதலில் எப்போது தெரிந்தது, எந்த மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்தக் கேள்விகளுக்கு அரைநாள் ஒதுக்கினால் பாதிக் கேஸ்களுக்குக் கதையே வேண்டியிருக்காது. 2023 செப்டம்பர் 21 முதல் ஊனமுற்றோர் பென்ஷனுக்குப் புதிய தகுதி விதிகள் அமலில் இருக்கின்றன. அதற்குப் பின் ஓய்வு பெற்றவரிடம் பழைய தீர்ப்புகளைக் காட்டி "உறுதியாக ஜெயிப்போம்" என்று சொல்வதும் ஒரு வகைக் கதைதான்.

லீவில் வந்தவர் சொந்த பைக்கில் உறவினர் கல்யாணத்துக்குப் போய் விழுந்திருந்தால், அது கல்யாணத்துக்குப் போன பயணமாகவே மனுவில் இருக்க வேண்டும். ரேஷன் வாங்கப் போனார், யூனிட் வேலையாகப் போனார் என்று திருப்பாதீர்கள். காய அறிக்கை எதிர்த்தரப்பு ஃபைலில் இருக்கும். முன்தேதி போட்ட தனியார் டாக்டர் சான்றிதழைக் கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்; அது உங்கள் கட்டுக்குள் வரவே கூடாது. முன்பே வேறு வக்கீல் மூலம் மனு போட்டுத் தள்ளுபடியாகியிருந்தால் அதையும் மனுவில் எழுதியே ஆக வேண்டும். இதைக் கட்சிக்காரர்கள் மறைப்பது அதிகம், பயத்தில். "இதுக்கு முன்னாடி எங்கேயாவது கேஸ் போட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு விடாதீர்கள். வீட்டில் பெண்கள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள், தேதியோடு சொல்வார்கள்.

தோற்கிற கேஸ் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். ஊனத்தை இருபது சதவீதத்துக்குக் கீழே மதிப்பிட்டிருக்கிறார்கள், மறுபரிசோதனைக்கு மருத்துவக் காரணமும் இல்லை என்றால், "போட்டுப் பார்ப்போம்" என்று இழுப்பதில் அவருக்கு என்ன லாபம்?

ஆள் பிடிப்பவர்கள்

சங்கச் செயலாளர் ஒருவர் போன் செய்வார். "நம்ம சங்கத்துல ஐம்பது பேர் இருக்காங்க மேடம், ஒரே மாதிரி கேஸ், மொத்தமா எடுத்துக்குங்க, எனக்குத் தலைக்கு இவ்வளவு." கேட்கும்போது நல்ல காரியம் போலவே இருக்கும். தரகர் மூலம் கேஸ் பிடிப்பதை விதி 36 தடுக்கிறது. தலைக்கு இவ்வளவு என்பது தரகுதான். கமிஷன் இல்லை, வெறும் உதவி என்றாலும், கட்சிக்காரர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் சொல்வதை மட்டுமே கேட்டு நடக்க வேண்டும் என்பது விதி 19. ஐம்பது பேர் என்றால் ஐம்பது கட்சிக்காரர்கள். ஒவ்வொருவரையும் நேரில் அல்லது போனிலாவது பார்த்துப் பேசி, தனித்தனியாகக் கட்டணத் தாள் கொடுத்து, ரசீதை அவர் பெயரிலேயே போட வேண்டும். செயலாளர் வசூலித்துக் கொண்டுவரும் பணத்தை வாங்கினால், அவர் எவ்வளவு வசூலித்தார் என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியாது.

சங்கக் கூட்டத்தில் சட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் போங்கள். நான் போவதுண்டு, டீயும் நன்றாக இருக்கும். பேசிவிட்டு விசிட்டிங் கார்டு விநியோகிக்காமல் வந்துவிடுவேன். வக்கீல்கள் இணைய விளம்பரத் தளங்களில் கடை விரிப்பதை எதிர்த்து 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகவே உத்தரவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் "நம் அலுவலகம் வென்ற தீர்ப்பு" என்று கட்சிக்காரர் பெயரோடு உத்தரவைப் போடுவதும் அந்த வகைதான். அதில் கெட்டது விளம்பரம் மட்டும் அல்ல. மனநோய், குடிப்பழக்கம், வலிப்பு என்று அவர் ஊரில் யாருக்கும் சொல்லாத விஷயம் அந்தத் தாளில் இருக்கும். அவர் மகளுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உத்தரவுகள் தீர்ப்பாயத்தின் இணையதளத்திலும் ஏறும் என்பதை மனு போடும் முன்பே அவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு தாக்கல் செய்யுங்கள்.

யாருடைய வக்கீல்

குடும்ப பென்ஷன் கேஸில் அறைக்குள் நாலு பேர் வருவார்கள்: இறந்தவரின் மனைவி, அவருடைய மாமனார், மாமியார், கொழுந்தனார். பேசுவது கொழுந்தனார். எல்லோரும் ஒரே பக்கம் போலத்தான் தெரியும், பணம் யார் கணக்குக்கு வரும் என்கிற பேச்சு வரும்வரை. மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி மற்றவர்களை வெளியே உட்கார வையுங்கள். கோபப்படுவார்கள், பரவாயில்லை. "நான் உங்களுக்கு மட்டும்தான் வக்கீல். நீங்க சொல்றதை உங்க மாமனார்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்" என்று வார்த்தையாகவே சொல்லுங்கள். பெற்றோருக்குத் தனி உரிமை கோரிக்கை இருந்தால் அவர்கள் வேறு வக்கீலைப் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனுஷத்தனம் காட்டாதீர்கள். மத்திய அரசுக்காக வாதாடும் பேனலில் நீங்கள் இருந்தாலோ முன்பு இருந்தாலோ, அதையும் முதல் நாளே சொல்ல வேண்டும் (விதி 14). அந்தக் கேஸிலேயே அரசுக்கு ஆலோசனை சொல்லியிருந்தால் இவருக்காக நிற்கவே கூடாது.

ஸ்பார்ஷ் பாஸ்வேர்டு

இது விதிப்புத்தகத்தில் இல்லாத ஆபத்து. பென்ஷன் முழுக்க ஸ்பார்ஷ் தளத்துக்கு வந்த பிறகு, கட்சிக்காரர்கள் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி நம் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்கள், ஓடிபி வந்தால் போனில் படித்தும் சொல்கிறார்கள். வாங்காதீர்கள். உங்கள் கிளார்க்கும் வாங்கக்கூடாது. பார்க்க வேண்டியதை அவரை அறைக்கு வரவழைத்து, அவர் போனிலேயே திறந்து, பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பேங்க் கணக்கு எண்ணை மாற்றும் வசதி இருக்கிற இடத்தில் வக்கீலின் கை இருக்கவே கூடாது. நிலுவை நேராக அவர் கணக்குக்குத்தான் போகும். எங்காவது உங்கள் மூலமாக வந்தால் அன்றைக்கே தகவல் சொல்லி, கணக்கோடு கொடுத்துவிடுங்கள்.

கட்டைத் திருப்பிக் கேட்டால்

பாக்கிக் கட்டணம் இருக்கிறது என்பதற்காகக் கட்டைப் பிடித்து வைக்க முடியாது. 2000ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே முடித்துவிட்டது: கட்டணத்துக்காகக் கட்சிக்காரரின் கோப்பின் மேல் வக்கீலுக்கு உரிமை இல்லை. பாக்கியை வசூலிக்கச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. புது வக்கீல் ஆட்சேபணையில்லாச் சான்று கேட்டு வந்தால் இழுத்தடிக்காமல் கொடுங்கள். நீங்களே அந்தப் புது வக்கீலாக இருந்து, பழையவர் சம்மதம் தர மறுத்தால், விதி 39 காட்டுகிற வழியில் காரணத்தைச் சொல்லித் தீர்ப்பாயத்திடம் அனுமதி வாங்குங்கள். பழைய வக்கீலைப் பற்றி மனுவில் கதாகாலட்சேபம் வேண்டாம்.

இந்தக் கட்சிக்காரர்களில் பலர் வயதானவர்கள். கேஸ் நடக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் அவர் கொடுத்த வக்காலத்து அத்தோடு முடிந்தது. வாரிசைச் சேர்க்கும் மனுவை உங்களிடம் இருக்கும் பழைய கையெழுத்தைக் கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மனைவி அதுவரை ஒருமுறைகூட உங்கள் அறைக்கு வந்திருக்க மாட்டார். கணவர் என்ன கேஸ் போட்டார் என்பதே தெரியாமல் இருக்கலாம். அவரை வரச் சொல்லி, கேஸ் எதுவரை வந்திருக்கிறது, கணவர் எவ்வளவு கொடுத்தார், பாக்கி எவ்வளவு என்று நோட்டைக் காட்டுங்கள். அவருக்கு இலவச உதவி கிடைக்கும் என்பதையும் வேறு வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அவரிடமும் புதிதாகச் சொல்ல வேண்டும். உங்களிடமே இருக்கட்டும் என்று அவர் சொன்னால், புது வக்காலத்து, புதுக் கட்டணத் தாள். அதற்கு அப்புறம் மனு.